உங்க டெபாசிட்டும் அவங்க சூதாட்டமும்

தோழர்களே, "பேங்குக்கு எதுக்கு இவ்ளோ கட்டுப்பாடு? அவுத்து விடுங்க, நாடு வளரும்"னு டிவி விவாதத்துல ஒருத்தர் கத்துவார், பாத்திருப்பீங்க. அவருக்கு ஒரே ஒரு பேங்கோட கதையைச் சொல்லுங்க. நியூயார்க் நேஷனல் சிட்டி பேங்க். இன்னைக்கு அதோட பேரு சிட்டி.

1920கள்ல இவங்க டெபாசிட் வாங்குற பேங்கையும் பங்கு, பத்திரம் விக்கிற துணை கம்பெனியையும் ஒண்ணா நடத்தினாங்க. சேமிப்புக் கணக்கு வச்சிருந்தவங்களையே தேடிப்பிடிச்சு பத்திரம் வித்தாங்க. பெரு நாட்டுக் கடன் பத்திரம் தேறாதுன்னு சொந்த ஆட்களே அறிக்கை கொடுத்திருந்தும், அதை மக்கள் தலையில கட்டினாங்க. 1931ல பெரு கையை விரிச்சது. 1933ல செனட் விசாரணையில வழக்கறிஞர் பெர்டினாண்ட் பெக்கோரா கேட்ட கேள்விகள்ல எல்லாம் வெளிய வந்துச்சு. பேங்க் தலைவர் சார்லஸ் மிட்செல், பங்குகளை மனைவிக்கே வித்து நஷ்டம் காட்டி, 1929க்கு வருமான வரியே கட்டலைங்கிறதும் சேர்த்துத்தான். (இதையும் "திறமை"ன்னுதான் சொல்வாங்க!)

அந்தக் கோபத்துல 1933 ஜூன்ல வந்ததுதான் கிளாஸ்-ஸ்டீகல் சட்டம். டெபாசிட் வாங்குறவன் பங்குச்சந்தை வியாபாரம் பண்ணக்கூடாது. டெபாசிட்டுக்கு அரசு காப்பீடு. ஜே.பி. மோர்கனே ரெண்டா பிரிஞ்சு, 1935ல மோர்கன் ஸ்டான்லி தனியா வந்துச்சு.

1998ல அதே சிட்டி, பங்கு வியாபாரமும் இன்சூரன்ஸும் பண்ற டிராவலர்ஸோட இணைஞ்சது. அந்தக் கூட்டு நீடிக்க அன்னைக்கு இருந்த சட்டத்துல இடமில்ல. சட்டம் மாறிடும்ங்கிற தைரியம். 1999 நவம்பர்ல மாத்தியும் கொடுத்தாங்க. சட்டத்தை மாத்தணும்னு நின்ன நிதி அமைச்சர் ராபர்ட் ரூபின் பதவி விலகி, அதே வருஷம் போய்ச் சேர்ந்த இடம்? சிட்டிகுரூப். 2008ல வீட்டுக்கடன் பத்திரங்கள்ல சிட்டி கவிழ்ந்தப்போ, அமெரிக்க மக்கள் வரிப்பணத்துல இருந்து 4,500 கோடி டாலர் போச்சு.

"லேமன் பிரதர்ஸ் டெபாசிட் பேங்கே இல்லையே, பழைய சட்டம் இருந்தாலும் கவிழ்ந்திருக்குமே"னு கேப்பாங்க. சரிதான், லேமன் கவிழ்ந்திருக்கும். சிட்டிக்கு என்ன பதில்?

நம்ம ஊர்ல நடக்காதா? 2020 மார்ச்ல யெஸ் பேங்க் சரிஞ்சப்போ, 8,400 கோடி ரூபாய்க்கு மேல ஏடி-1 பத்திரங்கள் பூஜ்ஜியம்னு எழுதப்பட்டுச்சு. அதை சாதாரண வாடிக்கையாளர்கிட்ட 'சூப்பர் எஃப்டி'ன்னு சொல்லி வித்தாங்கன்னு 2021ல செபியே உத்தரவு போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு.

அடுத்த தடவை அப்பா எஃப்டி புதுப்பிக்கப் போகும்போது கூடப் போங்க. "சார், இதைவிட நல்ல வட்டி ஒண்ணு இருக்கு"ன்னு பேப்பரை நீட்டினா, இது டெபாசிட்டா, பத்திரமா, இன்சூரன்ஸான்னு கேளுங்க. 5 லட்சம் வரைக்கும் காப்பீடு டெபாசிட்டுக்கு மட்டும்தான். பதிலை எழுதித் தரச் சொல்லுங்க. அதுவரைக்கும் கையெழுத்து வேணாம்.