இலைக்கடியில் ஒரு கயிறு

 

லண்டனில் வசிக்கும் சாச்சி அனுப்பிய ஒரு படத்தை என் மகள் காட்டினாள். அங்கே இலையுதிர் காலம். மஞ்சளும் சிவப்புமாக உதிர்ந்த இலைகளின் நடுவே அவர்களுடைய பூனை உட்கார்ந்திருந்தது. “வாப்பா, நம்மட பூனையையும் இப்படி எடுப்போமா?” என்றாள்.

ஜிந்துப்பிட்டியில் இலையுதிர் காலத்துக்கு எங்கே போவது? கொழும்பில் பகற்பொழுது வருடம் முழுவதும் ஒரு மணித்தியாலம்கூடக் கூடிக் குறைவதில்லை. ஆனால், எங்கள் வளவின் மூலையில் ஒரு கொட்டம்பா மரம் நிற்கிறது. அது இலைகளைச் சிவக்க வைத்துத்தான் உதிர்க்கும். பெருநாளுமல்ல, விருந்துமல்ல, சாதாரண சனிக்கிழமை. நிலம் நிறைய இலைகள்.

பூனையோ ஓரிடத்தில் இருக்கவில்லை. கைத்தொலைபேசியை நீட்டினால் மோந்து பார்க்க வந்தது. பொறுமையிழந்த நான் ஒரு கயிற்றை எடுத்து அதன் கழுத்தில் கட்டி, மறுமுனையை மரத்தில் முடிந்தேன். கயிறு தெரியாதிருக்க இலைகளைப் பரப்பினேன். பூனை இழுத்தது, கத்தியது, பிறகு தரையோடு பதுங்கிவிட்டது.

மகள் கையைத் தாழ்த்தினாள். “வாப்பா, பூனையைக் கட்டிப்போட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸை நீங்கதானே சொல்லித் தந்தீங்க?”

புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் ஹதீஸ் அது. உணவும் கொடாமல், தானாகத் தேடித் தின்னவும் விடாமல் பூனையைச் சாகடித்த பெண் நரகம் புகுந்தாள். ‘நான் கட்டியது ஒரு நிமிடம்தானே’ என்று சொல்ல வாயெடுத்தேன். வார்த்தை வரவில்லை.

புகைப்படம் கூடுமா, கூடாதா என்று என்னிடம் கேட்போர் பலர். கருவி பிடிப்பது நிழலையே என்று கூறி, எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்முதீஈ (மறைவு 1935) அவர்கள் அதனை அனுமதித்து நூல் எழுதினார்கள். கூடாது என்ற உலமாக்களும் உளர். இவற்றையெல்லாம் வருடக்கணக்காகப் படிப்பித்திருக்கிறேன். ஆனால், கயிற்றைப் பற்றி எவரும் என்னிடம் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

வுழூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள் அபூகதாதா (ரழி) அவர்கள். பூனை அசுத்தமானதல்ல, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதாகவும் அறிவித்தார்கள். சுற்றி வருவதை நான் கட்டிப்போட்டேனே!

கயிற்றை அவிழ்த்தேன். தண்ணீர் வைத்துவிட்டு இருவரும் காத்திருந்தோம். பூனையின் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பியடிக்கும் படலம் உண்டு. அதனால் பிளாஷை அணைத்துவிட்டு, மகள் அதன் கண்மட்டத்துக்குக் குப்புறப் படுத்தாள். அரை மணித்தியாலத்தின் பின் அது வந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு நடந்துவிட்டது. படத்தில் சிவந்த இலைகளும் பாதி வாலும்தான். அதையே சாச்சிக்கு அனுப்பினோம்.

அன்பர்களே! நம் ஆசைக்காக வாயில்லா ஜீவனை வருத்தாதிருப்போம். பிள்ளைகள் நினைவூட்டும்போது அதனை ஏற்கும் மனதையும் அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.