அத்தைக்கு ஒரு மிதிவண்டி

நம் பங்குகளில் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும், பெற்றோருக்கென்று வீட்டோடு தங்கிவிட்ட மகள் ஒருத்தியைக் காணலாம். அண்ணன்மார் வேலை தேடி வெளியூர் சென்றிருப்பர்; தங்கையர் மணமாகிப் போயிருப்பர். பக்கவாதத்தில் விழுந்த தந்தைக்கோ மூட்டுவாதத்தில் முடங்கிய தாய்க்கோ மருந்து கொடுக்கவும், உடம்பு துடைத்துவிடவும், நள்ளிரவில் எழுந்து பார்க்கவும் அவள் ஒருத்தியே எஞ்சியிருப்பாள். பத்து ஆண்டுகள், பதினைந்து ஆண்டுகள் இவ்வாறே கழியும். பின்னர் ஒருநாள் அடக்கம் முடிந்து, முப்பதாம் நாள் பூசையும் முடிந்தபின், உடன்பிறந்தோர் கூடி அமர்ந்து பேசுவது ஒன்றே: "இனி அக்காள் யார் வீட்டில் இருப்பது?" அக்காளுக்கு என்ன விருப்பம் என்னும் கேள்வி அக்கூட்டத்தில் எழுவது மிக அரிது. எழுந்தாலும், "அவளுக்கென்ன, பிள்ளைகளோடு பிள்ளையாக அத்தை என்று இருந்துவிட்டுப் போகிறாள்" என்று பதில் கூறிவிடுவார்கள்.

இத்திங்கள் நாம் எழுத எடுத்துக்கொண்டது நெடுந்தூர மிதிவண்டிப் பயணத்தைப் பற்றி. தொடங்கியது எங்கோ, பொருள் எங்கோ என்று வாசகர் மலைக்க வேண்டாம். இவ்விரண்டையும் ஒன்றாய் வாழ்ந்த ஒரு பெண்மணி உண்டு.

அயர்லாந்து நாட்டில் லிஸ்மோர் என்னும் சிற்றூரில் 1931ஆம் ஆண்டு பிறந்தவர் டெர்வ்லா மர்பி. தந்தை நூலகர். தாயோ, மகள் கைக்குழந்தையாயிருந்தபோதே முடக்குவாதத்துக்கு ஆளானவர். பத்தாம் பிறந்த நாளுக்குச் சிறுமிக்குப் பழைய மிதிவண்டி ஒன்றும் நிலப்பட நூல் ஒன்றும் பரிசாகக் கிடைத்தன. அதற்குச் சில நாட்களுக்குப் பின், ஊரை அடுத்த செங்குத்தான மேட்டில் வண்டியை மிதித்து ஏறும்போது, மாறி மாறிச் சுழலும் தன் கால்களைக் கண்ட அவளுக்கு, இப்படியே மிதித்துக்கொண்டிருந்தால் இந்தியாவுக்கே போய்விடலாம் என்று தோன்றிற்று. அன்றே முடிவு செய்துவிட்டாள். ஆனால் புறப்பட்டதோ இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின்னர்தான். பதினான்காம் வயதில் பள்ளியை விட்டு நின்று தாய்க்குப் பணிவிடை செய்ய அமர்ந்தார். 1961இல் தந்தையும், 1962இல் தாயும் இறக்கும்வரை வீடே அவருடைய உலகமாயிற்று. 1963 சனவரியில், ஐரோப்பா பல பத்தாண்டுகளில் கண்டிராத கடுங்குளிரில், தனியாய் மிதிவண்டியேறிப் புறப்பட்டார். பனி மூடிய ஐரோப்பாவைக் கடந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக அவ்வாண்டு சூலையில் தில்லி வந்து சேர்ந்தார். பின்னர் பல நாடுகளைச் சுற்றி, பல நூல்கள் எழுதி, 2022ஆம் ஆண்டு தம் தொண்ணூறாம் வயதில் அதே லிஸ்மோரில் மறைந்தார்.

அவருடைய பயணத்தைப் பாராட்டாதார் இல்லை. நாம் கவனிக்க விரும்புவது அதற்கு முந்திய காலத்தை. தாயை விட்டு நீங்க முடியாத அந்த ஆண்டுகளுக்குள்ளேயே, கிடைத்த சில வார ஓய்வுகளில் சிறுசிறு பயணங்களை அவர் செய்து பார்த்தார். 1951இல் வேல்ஸ் பகுதியும் தென் இங்கிலாந்தும். 1952இல் பெல்ஜியம், செருமனி, பிரான்சு. 1954இலும் 1956இலும் ஸ்பெயின். இறுதியில் பெரும் பயணத்துக்கு முன் மாற்று டயர்களை வழியிலுள்ள ஊர்களுக்கு முன்னதாகவே அனுப்பி வைத்தார். கரடுமுரடான சாலைகளில் பழுதாகும் என்று கருதி, வண்டியின் கியர்களைக் கழற்றிவிட்டார். (இந்த ஒன்றில் மட்டும் அவரைப் பின்பற்ற வேண்டாம் என்போம். காரணம் பின்னர் வரும்.)

இன்னொன்று. நோயாளியின் அறையில் கழிந்த அந்த ஆண்டுகளின் கசப்பையும் அவர் 1979இல் வெளியிட்ட தம் வரலாற்றில் மறைக்கவில்லை. அதைப் படிப்போர் திடுக்கிடலாம். ஆயினும் அக்கசப்போடு வேறு சிலவும் அவருக்கு அங்கேதான் வாய்த்திருக்க வேண்டும் என்பது நம் கருத்து. அரைகுறைத் தூக்கத்தில் எழுந்து வேலை செய்யவும், கிடைத்ததை உண்டு திருப்தியடையவும், அருவருப்பும் வலியும் நேரும்போது கலங்காதிருக்கவும், அவசரப்படாமல் ஒரே செயலை நாள்தோறும் செய்யவும் நோயாளியைப் பேணுகிறவர் கற்கிறார். நெடுந்தூரம் மிதிவண்டியில் செல்பவருக்கு வேண்டியவையும் இவையே. நம் வீட்டு அத்தைக்கும் ஆயத்தத்தில் பாதி ஏற்கெனவே முடிந்துவிட்டது. மற்றப் பாதி உடம்பு, வண்டி, வீட்டாரின் சம்மதம் ஆகிய மூன்றும்.

அத்தைக்கு இந்தியாவுக்கு வரவேண்டிய அவசியம் இல்லை, இங்கேயே இருக்கிறார். நமக்கு அருகில் பழனி மலை இருக்கிறது. வத்தலக்குண்டில் நின்று வடமேற்கே நிமிர்ந்து பார்த்தால் நீலச் சுவர்போல் தெரிவது அதுவே. வத்தலக்குண்டு கடல் மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 320 மீட்டர். கொடைக்கானல் 2,100 மீட்டருக்கும் மேல். இடைப்பட்ட உயரம் சற்றேறக்குறைய 1,800 மீட்டர். 1821இல் வார்ட் என்ற ஆங்கிலேய அளவையாளர் இம்மலையை அளக்க ஏறினார். 1845இல், மதுரையில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் தம்மவர் பலரை இழந்த அமெரிக்க மறைப்பணியாளர் மேலே வீடு கட்டிக்கொண்டனர். பெரியகுளத்துப் பக்கமிருந்து வெள்ளகவி வழியாகச் செல்லும் ஒற்றையடிப் பாதையே அக்காலத்து முதன்மை வழி. நடக்கக் கூடியவர் நடந்தனர். இயலாதவர் டோலியில் சென்றனர். அந்த டோலியைச் சுமந்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. வண்டிகள் செல்லும் மலைச்சாலை, லா என்னும் படை அதிகாரியின் பெயரால் 'லாஸ்காட்' எனப்படுவது, 1914ஆம் ஆண்டு வாக்கில்தான் முழுமை பெற்றது.

அச்சாலை மிதிவண்டிக்கு ஏற்றதாய் அமைந்திருப்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. பேருந்தில் வளைவுக்கு வளைவு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு சென்றோர்க்கு அது கொடிய சாலை. ஆனால் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் மலைப்பாதையில் அவ்வுயரம் பகிர்ந்து வைக்கப்பட்டிருப்பதால், சராசரியாக நூறு மீட்டர் தூரத்துக்கு மூன்று நான்கு மீட்டரே ஏற்றம். சில இடங்களில் கூடும். சில இடங்களில் குறையும். டம்டம் பாறை அருகே நின்றால், எதிர்மலையில் எலிவால்போல் தொங்கும் தலையாற்று அருவியைக் காணலாம். ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி அருவி, செண்பகனூர் என்று ஊர்கள் வர வர, ஒவ்வோர் ஆயிரம் மீட்டருக்கும் ஆறேழு டிகிரி வீதம் வெப்பம் குறைந்துகொண்டே போகும். அடிவாரத்தில் வியர்வையில் நனைந்த சட்டை மேலே பனியில் குளிர்ந்து நடுக்கம் தரும். ஆகவே மாற்றுச் சட்டையும் கம்பளிச் சட்டையும் மூட்டையின் அடியில் அல்ல, கைக்கெட்டும் மேற்பக்கத்தில் இருக்கவேண்டும்.

இனி ஆயத்தம். முதலில் மருத்துவர். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் இம்மூன்றையும் பார்த்த பின்னரே வண்டி. பிறரைக் கவனித்துக் கவனித்துத் தம் உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளாதவர்கள் இவர்கள். ஆகவே இதை வலியுறுத்திச் சொல்லுகிறோம்.

வண்டிக்கு எங்கும் அலைய வேண்டாம். பதினோராம் வகுப்பில் அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டி எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் காற்றிறங்கிக் கிடக்கிறது. முதல் இரண்டு மாதப் பழக்கத்துக்கு அது தாராளமாய்ப் போதும். ஓட்டவே தெரியாதவர் நாணவேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991ஐ ஒட்டிய ஆண்டுகளில் அறிவொளி இயக்கத்தின்போது, கல்லுடைக்கும் பெண்களும் வயல்வேலை செய்யும் பெண்களுமாகப் பல்லாயிரவர், ஊரார் ஏளனத்தைப் பொருட்படுத்தாமல் சைக்கிள் கற்றார்கள். கற்ற மறு மாதமே குடத்தையும் குழந்தையையும் வைத்து ஓட்டினார்கள். அவர்களுக்கு நேரமிருந்ததா, புதிய வண்டி இருந்ததா?

விடியற்காலை ஐந்தரைக்கு ஐந்து கிலோமீட்டர். இரண்டு வாரங்களுக்குப் பின் பத்து. மூன்றாம் மாதம் ஞாயிறு பூசைக்குப் பின் முப்பது. இந்த விடியற்காலைகளே உண்மையான மாற்றம் என்போம். பதினைந்து ஆண்டுகளாய் அந்நேரத்தில் நோயாளிக்குக் கஞ்சி வைத்தவர், தாய் மறைந்த பின்னும் அதே நேரத்தில் விழித்துக்கொண்டு, செய்வதற்கு ஒன்றுமின்றி அடுக்களையில் நின்றிருப்பார். அந்த வெறுமையான மணிக்கு இப்போது ஒரு வேலை வந்துவிட்டது.

உடம்பு பழகியபின் சிறுமலை. திண்டுக்கல்லிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். அங்கேதான் கியரின் அருமை தெரியும். மர்பி அம்மையாரின் உறுதியான கால்கள் நமக்கில்லை; கியர் இல்லாத, இருபது கிலோவுக்குமேல் எடையுள்ள நம்மூர் வண்டியில் மலையேறுவது வலிய இளைஞருக்கே கடினம். எனவே பெரிய பயணத்துக்குக் கியர் வண்டி ஒன்றை அண்ணன் தம்பிகள் கூடி வாங்கித் தரலாம். விலையுயர்ந்த வண்டியாயிருந்தால்தான் ஆகும் என்பது வீண் பேச்சு. இறங்கித் தள்ளிக்கொண்டு போவதும் பயணத்தில் சேர்ந்ததே; அதில் இழுக்கு ஒன்றுமில்லை.

பஞ்சர் ஒட்டத் தாமே கற்க வேண்டும். தெருமுனைச் சைக்கிள் கடையில் ஒரு வாரம் மாலையில் நின்று பார்த்தால் போதும்: டயரை நெம்பிக் கழற்றுவது, தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கி ஓட்டை காண்பது, உரசித் துடைத்துச் சொல்யூஷன் தடவி, அது உலரும்வரை பொறுத்து ஒட்டுத் துண்டை அழுத்துவது. அவசரக்காரர் ஒட்டியது அரை மணியில் விட்டுப்போகும். இந்தப் பொறுமையை அத்தைக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஏறுவதற்குச் செலவாகும் சக்தியைக் கணக்கிட்டுப் பார்த்தால், ஆளும் வண்டியும் மூட்டையுமாகத் தொண்ணூறு கிலோவை 1,800 மீட்டர் உயர்த்த உடம்பு ஏறக்குறைய 1,500 கலோரி எரிக்க வேண்டும். ஒருநாள் உணவில் பெரும்பகுதி இது. வெறும் வயிற்றில் புறப்பட்டு, பாதி வழியில் கண் இருண்டு உட்காருவோர் உண்டு. இட்லியும், மலைவாழைப்பழமும், உப்பும் சர்க்கரையும் கலந்த நீரும் மணிக்கொரு முறை வேண்டும். ஒரே நாளில் மேலே சேரவேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். முதல் நாள் வத்தலக்குண்டு. மறுநாள் விடியலில் புறப்பட்டு ஊத்து, பெருமாள்மலைப் பக்கம், தங்குமிடத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு. மூன்றாம் நாள் செண்பகனூர் வழியாக மேலே, விரும்பினால் 1866ஆம் ஆண்டைச் சேர்ந்த சலேத் மாதா கோவில்வரை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரியும், அப்போது போகலாகாது. கோடை விடுமுறையிலும் வார இறுதியிலும் வாகனக் கூட்டம். 2024இல் உயர்நீதிமன்றம் தலையிட்டு இ-பாஸ் முறையைக் கொண்டுவர நேர்ந்த அளவுக்கு நெரிசல் அது. மாலை மங்கியபின் காட்டெருமை சாலையில் நிற்கும்; மணியடித்து விரட்ட நினைக்காமல் தூரத்திலேயே நின்றுவிட வேண்டும். மூடுபனியில் பின்புறச் சிவப்பு விளக்கு எரியாத வண்டி, வண்டியே அன்று.

வீட்டாருக்கும் ஒரு பங்கு உண்டு. "இந்த வயதில் இது எதற்கு?" என்று கேட்கும் தம்பி, அக்காள் முப்பது வயதில் எதையெதை விட்டுக்கொடுத்தாள் என்று ஒருமுறை கணக்குப் பார்ப்பாராக. அச்சம் நியாயமானதே, அதை ஏளனமாக மாற்றாமல் உதவியாக மாற்றலாம். கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் துணைக்குச் செல்லட்டும். அவன் முன்னே ஓடாமல், அத்தையின் வேகத்துக்குப் பின்னே வரவேண்டும். வீட்டில் ஒருவர் காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் தொலைபேசிக்கு அருகில் இருக்க ஒப்புக்கொள்ளட்டும்.

இறக்கத்தைப் பற்றி ஒன்று கூறி முடிப்போம். ஏற்றத்தில் களைப்புத்தான் வரும், விபத்து நேர்வது பெரும்பாலும் இறக்கத்தில். ஏறும்போது சேர்த்துவைத்த உயரம் முழுவதும் இறங்கும்போது வெப்பமாக வெளிவர வேண்டும். நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். எஞ்சியதெல்லாம் ரிம்மிலும் பிரேக் கட்டையிலும் இறங்கும். இடைவிடாமல் பிரேக்கை அழுத்தியபடி வருகிறவருக்கு ரிம் சுட்டு டியூப் வெடிக்கவும் கூடும். முன்னும் பின்னும் விட்டு விட்டுப் பிடித்து, ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்று, ரிம் ஆறும்வரை அருவியையோ பள்ளத்தாக்கையோ பார்த்திருக்கலாம். பிரேக் கட்டை இரண்டு சோடி புதிதாய் மூட்டையில் இருக்கட்டும். ஆடிக் காற்றில் ஐந்து கிலோமீட்டரோடு தொடங்குகிறவர், தை பிறந்து மழை ஓய்ந்ததும் வத்தலக்குண்டில் நின்று மலையைப் பார்க்கலாம்.