கடையைக் காலி பண்ணும்போது ஏசி யாருக்கு?



வாடகைக் கடையில் தொழில் நடத்துகிறீர்களா? உங்கள் வீட்டிலோ தெருவிலோ அப்படி யாராவது இருக்கிறார்களா? இரண்டு நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள்.

ஒரு டிபன் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நாலு சுவரும் ஒரு ஷட்டருமாகத்தான் அது கடைக்காரர் கைக்கு வந்தது. வீட்டு நகையை அடகு வைத்து கிரானைட் மேடை போட்டார். சிங்க் வைத்தார், புகை போக ஃபேன் மாட்டினார், ஏசி போட்டார், வாசலில் போர்டு வைத்தார். நாலு வருஷம் கழித்து கட்டட உரிமையாளர் காலி பண்ணச் சொல்கிறார். சாமான் ஏற்ற வண்டி வந்து நிற்கிறது. அப்போதுதான் அந்தப் பேச்சு வருகிறது: "கிரைண்டர், பாத்திரமெல்லாம் எடுத்துக்கங்க. சுவத்துல மாட்டினதைத் தொடக்கூடாது. அக்ரிமென்ட்ல கையெழுத்து போட்டிருக்கீங்களே!"

அக்ரிமென்ட்டைப் பிரித்துப் பார்த்தால் அந்த வரி இருக்கத்தான் செய்கிறது. "வாடகைதாரர் பொருத்திய அனைத்தும் உரிமையாளரையே சேரும், அதற்கு ஈடு கேட்க உரிமை இல்லை." அதோடு விட்டார்களா? அடுத்த பக்கத்தில் இன்னொரு வரி: "கடையைப் பெற்ற நிலையிலேயே திருப்பி ஒப்படைக்க வேண்டும்." அதாவது, மாட்டியதை எடுக்கவும் கூடாது, மாட்டியதால் சுவரில் வந்த மாற்றத்தைச் சரிசெய்யும் செலவும் கடைக்காரர் தலையில்தான். இது என்ன நியாயம்?

சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது? 1882-ஆம் ஆண்டின் சொத்து உரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 108(எச்) வாடகைதாரர் பக்கம் நிற்கிறது. தான் பொருத்திய பொருள்களை அவர் கழற்றி எடுத்துச் செல்லலாம். இடத்தை வாங்கிய நிலையில் திருப்பித் தர வேண்டும், அவ்வளவுதான். குத்தகைக் காலம் முடிந்த பிறகும் இந்த உரிமை உண்டு.

ஆனால் இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள்.

முதலாவது, இடம் நம் கையில் இருக்கும்வரைதான் இந்த உரிமை. சாவியைக் கொடுத்துவிட்டு, "அடுத்த வாரம் வந்து ஏசியைக் கழற்றிக்கிறேன்" என்று சொன்னால் உரிமை போய்விடும்.

இரண்டாவது இன்னும் பெரியது. வேறுவிதமாக ஒப்பந்தம் இல்லாதபோதுதான் அந்தப் பிரிவு பேசும். படிக்காமல் நாம் கையெழுத்துப் போடும் ஒரு வரி, சட்டம் கொடுத்த உரிமையையே எடுத்துவிடும்.

உழைத்து உண்டாக்கியவருக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அடுத்தவர் மனையை வாடகைக்கு எடுத்துக் கட்டடம் கட்டியவரை வெளியேற்றினால் அந்தக் கட்டடத்துக்கு ஈடு தர வேண்டும் என்று 1921-ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டமே சொன்னது. கட்டிய கடையை வாடகைக்கு எடுக்கும் இன்றைய வியாபாரிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதன் நியாயம் பொருந்தாதா?

2017-இல் நிறைவேறி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும் என்கிறது. எந்தப் பழுதை உரிமையாளர் பார்க்க வேண்டும், எதை வாடகைதாரர் பார்க்க வேண்டும் என்று அட்டவணையே போட்டிருக்கிறது. நல்லது. அதுபோல, காலி செய்யும்போது எது யாருக்கு என்பதற்கும் ஒரு மாதிரி அட்டவணை வேண்டும். அரசிடம் நாம் வைக்கும் கோரிக்கை இதுதான்.

கட்டட உரிமையாளர்களை எதிரியாக்க இதை எழுதவில்லை. ஒரே ஒரு கடை வாடகையில் குடும்பம் நடத்தும் பெரியவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு, சுவரில் ஓட்டையும் அறுந்த வயருமாக விட்டுப் போகும் வாடகைதாரரும் உண்டு. தெளிவான ஒப்பந்தம் இரண்டு பேரையும் காப்பாற்றும்.

சட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை அக்ரிமென்ட் போடும்போது, அது பதினொரு மாத அக்ரிமென்ட்டாகவே இருந்தாலும், இந்த ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள்:

1. கடைக்காரர் பொருத்தும் பொருள்களின் பட்டியல். புதிதாக ஒன்று மாட்டினால் அதையும் சேர்த்து இருவரும் கையெழுத்திட வேண்டும்.

2. எதைக் கழற்றலாம், எதை விட்டுப் போக வேண்டும் என்ற பிரிப்பு. டைல்ஸை உடைக்காமல் எடுக்க முடியாது, ஏசியை எடுக்கலாம்.

3. கழற்ற எத்தனை நாள் அவகாசம்? சாவி கொடுத்த பிறகும் அந்த அவகாசம் உண்டா? இதைத் தேதிக் கணக்கோடு எழுத வேண்டும்.

4. கழற்றிய இடத்தில் பூச்சு வேலைக்கு யார் செலவு?

5. உரிமையாளருக்கு அந்தப் பொருள் வேண்டுமென்றால், விலையை எப்படி முடிவு செய்வது?

கடை கைக்கு வரும் நாளில் நாலு பக்கமும் போட்டோ எடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவையுங்கள். செலவில்லாத சாட்சி அது.

"இதெல்லாம் கேட்டால் கடை தரமாட்டாங்களே" என்று தயங்குவீர்கள். தனியாகக் கேட்டால் அப்படித்தான். தெருவில் இருக்கிற பத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து கேட்டுப் பாருங்கள், பதில் வேறாக இருக்கும்.

உங்கள் பகுதி வணிகர் சங்கக் குழுவிலும் குடும்பக் குழுவிலும் இதைப் பகிருங்கள். உங்கள் அக்ரிமென்ட்டில் அந்த வரி எப்படி இருக்கிறது? இன்றைக்கே எடுத்துப் பார்த்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பெயரும் முகவரியும் வேண்டாம், அந்த வரி மட்டும் போதும். கோரிக்கை மனுவோடு அதையும் சேர்ப்போம்.

#கடைக்காரர்_உரிமை
#படித்துக்_கையெழுத்திடுவோம்