ஆளுநர் வருகிறார், போகிறார்; நம் வாக்கு எங்கே?



அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே வாக்களித்துத் தெரிவு செய்கிறார்கள். 2004ஆம் ஆண்டு வாஷிங்டன் மாநிலத்தில் நடந்த ஆளுநர் தேர்தலில் ஏறத்தாழ 28 இலட்சம் பேர் வாக்களித்தார்கள். முதல் எண்ணிக்கையில் டீனோ ரொஸி என்பவர் 261 வாக்குகளால் முன்னுக்கு நின்றார். இரண்டாம் முறை எண்ணியபோது அது 42 ஆகக் குறைந்தது. மூன்றாம் முறை கையால் எண்ணினார்கள். தவறாக ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த நூற்றுக்கணக்கான வாக்குகளையும் எண்ணலாம் என்று அந்த மாநிலத்தின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடைசியில் கிறிஸ்டின் கிரெகுவார் என்ற பெண்மணி 129 வாக்குகளால் வென்று ஆளுநரானார்.

129 வாக்கு என்றால் எவ்வளவு? நம் தோட்டத்தில் ஒரு டிவிஷனில் நாலைந்து லயன்களில் இருக்கும் வாக்கு. அவ்வளவுதான்.

நம் நாட்டிலும் ஒன்பது மாகாணங்களுக்கு ஒன்பது ஆளுநர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்காக நாம் ஒரு புள்ளடியும் போட்டதில்லை. 1987இல் வந்த 13ஆவது திருத்தத்தின்படி ஆளுநரை நியமிப்பவர் ஜனாதிபதி. ஜனாதிபதி விரும்பும்வரை அவர் பதவியில் இருக்கலாம். மலையகத்தைச் சேர்ந்த செந்தில் தொண்டமான் 2023இல் கிழக்கு மாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். 2024 செப்டெம்பரில் ஜனாதிபதி மாறியதும் அந்தப் பதவியை விட்டு விலகினார். அவர் வந்ததிலும் போனதிலும் கிழக்கு மக்களுக்கும் பங்கில்லை, மலையக மக்களுக்கும் பங்கில்லை. ஆள் நல்லவரா இல்லையா என்பது வேறு கதை. கேட்க வேண்டியது, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்பதே.

மாகாண சபை இருந்தபோது இது பெரிய குறையாகத் தெரியவில்லை. நாம் தெரிவு செய்த உறுப்பினர்கள் சபையில் இருந்தார்கள், முதலமைச்சர் இருந்தார், அமைச்சர்கள் இருந்தார்கள். இன்று அந்தச் சபையே இல்லை. சப்ரகமுவ சபையின் காலம் 2017இல் முடிந்தது. மத்திய மாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தது. மேல் மாகாணத்திலும் ஊவாவிலும் 2019இல் முடிந்தது. அன்றிலிருந்து மாகாண நிருவாகம் ஆளுநர் கையில்.

ஏன் தேர்தல் நடக்கவில்லை? 2017இல் பாராளுமன்றம் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றியது. புதிய முறைக்கு எல்லை நிர்ணயம் வேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது அதற்கு ஆதரவாக ஒருவர்கூட வாக்களிக்கவில்லை. 139 பேர் எதிர்த்தார்கள். பழைய முறையும் போய், புதிய முறையும் வராமல், தேர்தல் நடுவிலே தொங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ அரசாங்கங்கள் மாறிவிட்டன. 2025 மே மாதம் உள்ளூராட்சித் தேர்தல்கூட நடந்து முடிந்தது. மாகாண சபைத் தேர்தல் மட்டும் நடக்கவில்லை.

இதனால் நமக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்பார்கள். நம் பிள்ளைகள் படிக்கும் தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை மாகாணப் பாடசாலைகள். கணக்கு வாத்தியார் இல்லை, கூரை ஒழுகுகிறது என்றால் பொறுப்பு மாகாணத்துக்கு. அவசரத்துக்கு ஓடும் பிரதேச வைத்தியசாலையும் மாகாணத்துக்குரியது. மாகாண வீதிகளும் அப்படியே. மத்திய மாகாணத்தில் தமிழ்க் கல்விக்குப் பொறுப்பான மாகாண அமைச்சர் ஒருவர் இருந்தார். அவர் செய்தது போதாது என்று நாமே சண்டை பிடித்திருக்கிறோம். ஆனால் சண்டை பிடிக்க ஒரு ஆள் இருந்தார். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அவர் நம் லயனுக்கு வந்து வாக்குக் கேட்க வேண்டியிருந்தது. ஆளுநருக்கு அந்த அவசியம் இல்லை.

நாலு வாக்கில் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2005 ஜனாதிபதித் தேர்தலை நினைத்துப் பாருங்கள். மஹிந்த ராஜபக்ஷவுக்கும் ரணில் விக்கிரமசிங்கவுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் 180,786 வாக்குகள். வெற்றிக்குத் தேவையான பாதி வாக்கை அவர் தாண்டியது 29 ஆயிரத்துக்கும் குறைவான வாக்குகளால். அந்தத் தேர்தலில் நிராகரிக்கப்பட்ட வாக்குகளோ ஓர் இலட்சத்துக்கும் மேல். வடக்கில் பெரும்பாலானோர் வாக்களிக்கவே இல்லை. போடாத வாக்கும் பிழையாகப் போட்ட வாக்கும் நாட்டின் போக்கையே மாற்றக்கூடும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம்.

வாக்கின் அருமை நமக்குத் தெரியாததல்ல. 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அடுத்த ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. இழந்ததை முழுமையாக மீட்க 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நம் தாத்தா பாட்டிமாரில் பலர் ஒருமுறைகூட வாக்களிக்காமலே இந்த மண்ணுக்கு உரமாகிப் போனார்கள்.

இப்போது கொழும்பிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வெள்ளவத்தைப் புடவைக் கடைகளிலும், கொட்டாஞ்சேனைச் சாப்பாட்டுக் கடைகளிலும், வீட்டு வேலையிலும் இருக்கும் உங்களில் பலருக்கு வாக்கு தோட்டத்தில் இருக்கிறது. தபால் வாக்கு உங்களுக்குக் கிடையாது. "முதலாளி லீவு தர மாட்டார்" என்று எங்களிடம் சொல்லும் பிள்ளைகள் அநேகம். லீவு என்பது முதலாளி போடும் பிச்சையல்ல, உங்கள் உரிமை. எழுத்தில் கேட்டால் சம்பளம் வெட்டாமல் கொடுக்க வேண்டும். 2024 தேர்தலின்போது தேர்தல் ஆணைக்குழு அறிவித்த கணக்கு இது: வாக்குச் சாவடி 40 கிலோமீற்றருக்குள் என்றால் அரை நாள், 100 வரை ஒரு நாள், 150 வரை ஒன்றரை நாள், அதற்கு மேல் இரண்டு நாள். ஹட்டன் பக்கம் போகும் பிள்ளைக்கு ஒன்றரை நாள், பதுளை பக்கம் போகும் பிள்ளைக்கு இரண்டு நாள். லீவுக் கடிதம் எழுதத் தெரியாதவர்கள் சங்கக் காரியாலயத்துக்கு வாருங்கள், எழுதித் தருகிறோம்.

கொழும்பிலேயே நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள், பெயர் இரண்டு இடத்திலும் இல்லாமல் போகாதபடி கிராம உத்தியோகத்தரிடம் கேட்டுப் பாருங்கள். தோட்டத் தலைவர்மாரும் தலைவிமாரும் 18 வயது நிறைந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அடையாள அட்டை இருக்கிறதா, இடாப்பில் பெயர் இருக்கிறதா என்று லயன் லயனாகப் பார்க்க வேண்டும். செக்ரோலில் ஒரு நாள் பேர் விழாவிட்டால் துரையிடம் போய் நிற்கிறோம். வாக்காளர் இடாப்பில் பெயர் விழாவிட்டால் ஏன் சும்மா இருக்கிறோம்?

யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் விருப்பம். அதில் சங்கம் தலையிடாது. அரசாங்கத்திடம் நாம் கேட்பது ஒன்றே: பழைய முறையிலோ புதிய முறையிலோ, மாகாண சபைத் தேர்தலுக்கு நாளைக் குறியுங்கள். அந்த நாள் வரும்போது நம் பெயர் இடாப்பில் இருக்க வேண்டும், நாம் வரிசையில் நிற்க வேண்டும்.