ஏவிய அழுத்தமும் எய்திய அழுத்தமும்

பாமணியாறும் கோரையாறும் காயலில் வந்து கலக்கும் முத்துப்பேட்டைப் பிரதேசத்தில், வயலுக்கு இறைக்கும் பம்புசெட்டுகளும், இறால் குட்டைகளில் நீரைக் கலக்கிப் பிராணவாயு ஊட்டும் ஏரேட்டர்களும் பெரும்பாலும் மும்முனை மோட்டார்களே. அவற்றை இன்வெர்ட்டர் டிரைவ் கொண்டு வேண்டிய வேகத்தில் ஓட்டலாம் என்பது நல்ல விஷயம். ஆனால், மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தத்தை அளக்க டிரைவில் தனிச் சுற்று அநாவசியம், ஆம்பியரைக் கவனித்தால் போதும் என்றொரு அபிப்பிராயமும் உலவுகிறது. தொழிலில் தேர்ந்தவர்களும் இதைச் சொல்வதால், அவர்கள் காட்டும் நியாயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிப்பது அவசியமாகிறது.

அழுத்தத்தை உற்பத்தி செய்வதே இன்வெர்ட்டர்தான். தான் செய்ததைத் தானே அளப்பானேன் என்பது முதல் நியாயம். 415 வோல்ட் மும்முனை மின்சாரத்தை ஏறக்குறைய 560 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றி, அதை ஆறு ஸ்விட்சுகளால் துண்டு துண்டாக வெட்டியே டிரைவ் தன் அழுத்தத்தைப் படைக்கிறது. ஒரு பேஸின் மேல் ஸ்விட்சும் கீழ் ஸ்விட்சும் ஒருசேர மூடிவிட்டால் க்ஷணத்தில் வெடித்துவிடுமாதலால், ஒன்று திறந்தபின் சில மைக்ரோவிநாடி இரண்டையும் திறந்தே வைத்திருக்கிறார்கள். அந்த இடைவேளையில் வெளிவரும் அழுத்தத்தை நிர்ணயிப்பது கட்டுப்பாட்டுச் சுற்றன்று, மோட்டாரில் ஓடும் மின்னோட்டத்தின் திசையே. விநாடிக்கு 4000 முறை வெட்டும் டிரைவில் இடைவேளை 3 மைக்ரோவிநாடியானால், பிழை ஏறக்குறைய 7 வோல்ட். முழு வேகத்தில், 240 வோல்ட்டுக்கு முன்னே இது அற்பம். ஆனால் மோட்டாரை மெல்ல எழுப்பும்போது, 5 ஹெர்ட்ஸில், பேஸுக்கு உரியதே 24 வோல்ட்தான் என்பதால் கால்பங்கு கணக்கில் வராமல் போகிறது. பிழையைக் கணக்கிட்டுச் சரிசெய்யலாமே என்பார்கள். அக்கணக்குக்கு மின்னோட்டத்தின் திசை தெரியவேண்டும், அதுவோ மின்னோட்டம் பூஜ்யத்தைக் கடக்கும் தறுவாயில் நிச்சயமாகத் தெரிவதில்லை. மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீரெல்லாம் கடைமடைக்கு வந்து சேர்ந்துவிட்டதாகக் கணக்கெழுதினால் இந்த ஊர் விவசாயி ஒப்புவாரா?

ஸ்விட்சுகளுக்கு முன்னுள்ள அந்த 560 வோல்ட் நேர்மின் தடத்தின், அதாவது நேர்மின் பஸ்ஸின், அழுத்தத்தை மட்டும் அளந்தால் போதும் என்பது இரண்டாவது நியாயம். இதில் பாதி உண்மை. ஒன்றே ஒன்றைத்தான் அளக்கலாம் என்றால் நானும் அதையே அளக்கச் சொல்வேன். சூரிய மின்பம்பில் பலகை தரக்கூடிய உச்ச சக்தியைத் தேடுவதற்கு அதுவே ஆதாரம். கம்பியில் ஒரு பேஸ் போய்விட்டால் பஸ்ஸின் துடிப்பு விநாடிக்கு 300-லிருந்து 100-ஆக இறங்குவதைக் கண்டு எச்சரிப்பதும் அதுவே. எனினும், மின்சாரம் போய்த் திரும்பும்போது மோட்டார் சுழன்றுகொண்டிருக்கிறதா, எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் என்பதைப் பஸ் சொல்லாது. திரும்பாவால்வு இல்லாத போர்வெல்லில் இறங்கும் நீர் பம்பைத் தலைகீழாகச் சுழற்றும். அந்நிலையில் நேர்திசைக்கு முறுக்கினால் பெருமின்னோட்டம் பாய்ந்து டிரைவ் நின்றுபோகும். மூன்று பேஸ்களிலும் எஞ்சிய அழுத்தத்தை அளந்தால் வேகமும் திசையும் புலப்படும்: காந்தம் பதித்த மோட்டாரில் தெளிவாக, இண்டக்‌ஷன் மோட்டாரில் சிறிது நேரம் மட்டும். கரைந்த பிராணவாயு மிகக் குறைந்திருக்கும் விடியற்காலையில் ஏரேட்டர் உடனே மறுபடி ஓடவேண்டிய இறால் குட்டையில், அந்தச் சிறிது நேரமும் விலைமதிப்புள்ளது.

மூன்றாவது நியாயமே மிகப் பரவலானது: ஆம்பியர் சரியாக இருந்தால் எல்லாம் சரி. கம்பியின் கோடியில் இருக்கும் மோட்டாருக்கு அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், முறுக்குவிசை அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால், 19 சதவிகிதம் குறைகிறது. சுமை குறையாதபோது ஆம்பியர் ஏறுகிறது. இம்பெல்லரில் பாசியும் ஆகாயத்தாமரை வேரும் சிக்கினாலும் ஆம்பியர் ஏறுகிறது; பேரிங் தேய்ந்தாலும் ஏறுகிறது. மூன்று வியாதிக்கும் ஒரே அறிகுறி இருக்கையில், அழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்காமல் நிதானம் சொல்பவர், மின்வாரியத்தைக் கேட்கவேண்டிய இடத்தில் பம்பைப் பிரித்துப் போடுவார். மேலும், மோட்டாரைச் சட்டென்று நிறுத்தும்போது அதன் சுழற்சி சக்தி பஸ்ஸுக்குத் திரும்பி, அழுத்தத்தை 800 வோல்ட் வரையில் ஏற்றக்கூடும். பஸ்ஸின் கண்டென்சர்கள் வெடிக்கும் அபாயம் அப்போதுதான், ஆம்பியரோ எல்லைக்குள்ளேயே நிற்கும்.

உப்புக்காற்று அளவைச் சுற்றைக் கெடுத்துவிடும், ஒன்று கூடினால் பழுதும் ஒன்று கூடும் என்பது கடைசி ஆக்ஷேபம். கடற்கரையில் இதை அலட்சியம் செய்யமுடியாது. அளவைக்குப் பயன்படும் மெகாஓம் ரெசிஸ்டரின்மேல் உப்பீரம் படர்ந்தால், இல்லாத அதிகஅழுத்தம் இருப்பதாகக் காட்டி டிரைவ் வீணாக நிற்கும். ஒரே ரெசிஸ்டருக்குப் பதில் பலவற்றைத் தொடராக வைத்து, சுற்றுப் பலகைக்கு வார்னிஷ் பூசி, பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்தால் இது தீரும். அளந்ததையும் ஏவியதையும் ஒப்பிட்டுவந்தால், கெட்டுப்போன அளவையும் தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லவேண்டும். பஸ்ஸின் எதிர்முனை பூமியன்று. பூமியைப் பார்க்க அது 340 வோல்ட் வரையில் இறங்கி ஏறிக்கொண்டே இருப்பது. ஆகையால் அளவைச் சுற்றுக்கும் மனிதர் தொடும் பித்தான்களுக்கும் இடையே மின்தடுப்பு இருந்தே தீரவேண்டும். பெட்டியைத் திறந்து, ஆசிலாஸ்கோப்பின் பூமிக் கிளிப்பை அம்முனையில் மாட்டுவது உயிரைப் பணயம் வைப்பதாகும்.