புற்று நோய்க் கட்டிக்குள் "காந்தப் படை"!
எலிக்குப் பலித்தது, மனிதருக்கு எப்போது?

ஒரு தெருவில் ஒரு திருடன் ஒளிந்து இருக்கிறான். அவனைப் பிடிக்க தெரு முழுவதும் தடியடி நடத்தினால் எப்படி இருக்கும்?

புற்று நோய்க்கு ரத்தத்தில் ஏற்றும் மருந்தும் அப்படித்தான். நோயையும் அடிக்கிறது, நல்ல சதையையும் அடிக்கிறது. "முடி கொட்டுது, வாந்தி வருது, சோறு இறங்கல" என்று நோயாளிகள் அழுவது இதனால்தான்.

திருடனை மட்டும் பிடிக்க முடியாதா?

பன்றி உடம்பில் குண்டு

கனடா நாட்டின் மாண்டிரியால் நகரில் பேராசிரியர் சில்வேன் மார்ட்டல் இந்த வேலையில் இறங்கினார். 2007-ல் உயிரோடு இருந்த பன்றியின் கழுத்து ரத்தக் குழாயில் 1.5 மில்லி மீட்டர் இரும்புக் குண்டை விட்டார். ஸ்கேன் எந்திரத்தின் காந்த சக்தியாலேயே அதை ஓட்டிக் காட்டினார்!

ஆனால், கட்டிக்குள் இருப்பதோ மயிரிழையை விட மெல்லிய குழாய்கள். குண்டு அங்கே நுழையாது.

வால் முளைத்த ஆள்

அப்புறம் கிடைத்ததுதான் எம்.சி.-1 என்ற கடல் கிருமி. இதன் வயிற்றுக்குள் இரும்புத் துகள்கள் சங்கிலிபோல் இருக்கின்றன. காந்தம் காட்டும் திசையில் வாலை ஆட்டி நீந்தும். பிராண வாயு குறைந்த இடம் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

கட்டியின் நடுப்பகுதி அப்படிப்பட்ட இடம்தான். அங்கே மருந்து சரியாகப் போகாது. கதிர் வைத்தியமும் அவ்வளவாகப் பலிக்காது. நோய் பதுங்கும் இருட்டுச் சந்து அது.

ஒவ்வொரு கிருமியின் முதுகிலும் சுமார் 70 மருந்துப் பொட்டலங்களைக் கட்டி, எலியின் கட்டி ஓரத்தில் ஊசி போட்டார்கள். வெளியே இருந்து காந்தம் வழி காட்டியது. கிருமிகளில் 100-க்கு 55 வரை இருட்டுச் சந்துக்குள் புகுந்து விட்டன! 2016-ல் இந்த முடிவு வெளியானது.

இது பெரிய விஷயமா? ஆம். ரத்தத்தில் ஏற்றும் நானோ மருந்தில் 100-ல் ஒரு பங்குகூட கட்டிக்குப் போவது இல்லை என்று அதே ஆண்டு டொராண்டோ ஆராய்ச்சியாளர்கள் கணக்குப் போட்டுச் சொன்னார்கள்.

ஏமாறாதீர்கள்!

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. மருந்து போய்ச் சேர்ந்தது எலிக்கு. மனித உடம்பு எலியைவிட ரொம்பப் பெரிசு. ஆழத்தில் உள்ள கட்டிக்குக் காந்தம் எட்ட வேண்டும். உள்ளே போன கிருமியால் கெடுதல் வரக் கூடாது. இதெல்லாம் தெரிந்த பிறகுதான் மனிதருக்கு ஊசி.

ஆகவே, "நானோ ரோபோ வைத்தியம் ரெடி" என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள். அதை நம்பி, ஆஸ்பத்திரியில் நடக்கிற வைத்தியத்தைப் பாதியில் விட்டு விடாதீர்கள். திருடனைப் பிடிக்கப் புதுப் படை தயாராகிறது. அது வரும்வரை பழைய போலீசை வீட்டுக்கு அனுப்பலாமா?