பாங்காக்கில் போய் அடித்த டிங்கோ

தாய்லாந்து என்றாலே குத்துச்சண்டைதான். அந்த ஊர் காவ்சாய் கேலக்ஸி, சூப்பர் ஃப்ளைவெயிட் உலகப் பட்டத்தை 1984-ல் பிடித்தவர், 19 முறை தக்கவைத்து 1991-ல் ஓய்வு பெறும்வரை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அப்பேர்ப்பட்ட ஊரில் ஓர் இந்தியர் தங்கம் அடித்தது விருதுநகர், சிவகாசிப் பக்கம் எத்தனை பேருக்குத் தெரியும்?

மணிப்பூரின் டிங்கோ சிங். அநாதை இல்லத்தில் வளர்ந்தவர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டுக்கான பட்டியலில் முதலில் அவர் பெயரே இல்லை! கடைசியில்தான் சேர்த்தார்கள். 54 கிலோ பிரிவு அரையிறுதியில் உள்ளூர் நாயகன் சொன்டயாவை வீழ்த்தினார், அதுவும் அவர் ஊர்க்காரர்கள் முன்னாலேயே. இறுதிப் போட்டியில் உஸ்பெகிஸ்தானின் திமூர் துல்யாகோவ் நான்காவது சுற்றோடு விலகிக்கொள்ள, தங்கம். 1982-க்குப் பிறகு குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஆசிய விளையாட்டுத் தங்கம் அது. மேரி கோம் கையுறை மாட்டியதற்கே இவர்தான் தூண்டுதல்.

அப்புறம்? அர்ஜுனா விருது உடனே வந்தது. பத்மஸ்ரீ 2013-ல். கல்லீரல் புற்றுநோய் வந்தபோது சிகிச்சைக்காக இம்பால் வீட்டை விற்க வேண்டியதாயிற்று. 2021 ஜூனில், 42 வயதில் போய்விட்டார். இந்தியாவுக்காக ஒரு சதம் அடித்த கிரிக்கெட்காரருக்கு இந்த நிலை வருமா?

சிவகாசியில் அச்சாகிற காலண்டரில் ஒரு வருஷமாவது டிங்கோ படம் போடலாம். "யாருங்க இது?" என்று கேட்பார்கள். கேட்கட்டுமே!